சிவப்பு நாடா ஒட்டிய டேங்க்

பாப்பா,

தூங்கிக்கொண்டிருக்கிறாய், எழுப்ப மனசில்லை. எழுப்பினாலும் முகம் பார்த்துச் சொல்லத் தெம்பில்லை.

நேற்று கடலுக்கடியில் பதறி, மூச்சு வாங்கியே முதுகில் மாட்டிய காற்று டேங்கைக் காலி பண்ணியவன் நான். கரையேறியதும், உன் டேங்க் என்று அடையாளத்துக்கு ஒட்டியிருந்த சிவப்பு நாடாவை உரித்து என்னுடையதில் ஒட்டியவனும் நான்தான். டேங்க் கடைக்காரர் மீட்டர் மாட்டி, நாடா ஒட்டியது காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "பொண்ணு இன்னும் பழகட்டும் சார். ஞாயித்துக்கிழமை புது இடத்துல இவங்களோட ஜோடியா இறங்க யாரும் வரமாட்டாங்க" என்றபோது தலையாட்டினேன். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை வீடுவரை என்னைப் பிடுங்கித் தின்றது.

நாடாவை மறுபடி உன் டேங்கிலேயே ஒட்டிவிட்டேன். காலி டேங்கோடு அவர் கடைக்குத்தான் போகிறேன், உள்ளதைச் சொல்ல. உன்னுடையது குளியலறைக் கதவோரம் இருக்கிறது. பாதிக்கு மேல் காற்று இருக்கிறது, வால்வைத் திறந்துவிடாதே. அவரே வந்து பார்க்கட்டும்.

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைச் செருப்பு அலமாரியில் வை.

ஞாயிற்றுக்கிழமை நீ போ. நான் படகில் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா

இன்னொன்று. மேலே வரும்வரை நீ என் கையை விடவே இல்லை. அவரிடம் முதலில் அதைத்தான் சொல்வேன்.