லைட் வைத்தியம்

அன்பு மகள் சின்னவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார். மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகம்தானே? இங்கே மழை நின்றுவிட்டது.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், முடியவில்லை. போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி என்றதும் நீ கிளம்பப் பார்த்தாய். டாக்டரம்மா, "லைட் ட்ரீட்மென்ட்தான் பெரியவரே" என்றார். லைட்டான வைத்தியம் என்றால் நோயும் லைட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்து உன்னைத் தடுத்துவிட்டேன்.

லைட் என்றால் வெளிச்சமாம். நேற்றுதான் விளங்கியது. இரும்பும் தங்கமும் சேர்ந்த துகளை ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத பொடி. அது கட்டியில் போய்த் தங்குமாம். இரும்பு இருப்பதால் ஸ்கேனில் இடம் தெரியும். பிறகு வெளியிலிருந்து வெளிச்சத்தைப் பாய்ச்சினால் தங்கம் சூடேறிக் கட்டியைப் பொசுக்கும். புது வைத்தியம், இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. அம்மா கேட்டுவிட்டு, "கட்டிக்கிட்ட நாள்ல இருந்து குந்துமணி தங்கம் வாங்கித் தராத மனுஷன், இப்ப ரத்தத்துலயே ஏத்துறாரு" என்றாள். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மா எனக்குப் படத்தைக் காட்டினார். கட்டியில் துகள் சேர்ந்திருந்தது. முதுகெலும்பிலும் நுரையீரலிலும் புள்ளி புள்ளியாகச் சேர்ந்திருந்தது. "வெளிச்சம் ஒரு விரல் ஆழம்தான் போகும். அங்கெல்லாம் எட்டாது" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "பொண்ணு எங்க இருக்காங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

தையல்காரர் பேனாவை வைத்துவிட்டார். எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வெளியே வந்து டீ வாங்கினேன். ஏடு கட்டும்வரை கையிலேயே வைத்திருந்தேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வந்து குழாயடியில் இரண்டு பேர் துணியையும் துவைத்துப் போட்டேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. முன்னறைக்கு வெள்ளையடிக்க வேண்டும், என்ன நிறம் என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். நீலமா, மஞ்சளா என்று இரண்டு நாளாக அதே பேச்சு.

நிறத்தை நீ வந்து சொல். போனில் சொல்லாதே. திடீரென்று ஏன் வந்தாய் என்று கேட்டால், லீவு கிடைத்தது என்று சொல்லிவிடு. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வாசலிலேயே அழுதுவிடாதே மகளே.

ஒரு நோய்நொடி அண்டாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா
(கைநாட்டு)