தொடர்புப் பக்கத்துக்கு ஒரு முகவரி

ஓகஸ்ட் 2, திங்கள்

கச்சான் காற்று. இரவாகியும் அடங்கவில்லை. இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன்? விழித்துக்கொண்டால் ஹனாவிடம். மகளுக்கு மூன்று வயது, வெளிச்சம் பட்டால் பெரிய மனுசி மாதிரி முகம் சுளிப்பாள். நுளம்பு வலைக்கு மேல் என் ஷோலைப் போட்டு மறைத்திருக்கிறேன். பகலில் கொப்பியைத் தொட எங்கே நேரம்.

இருமல் குறைவு. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. திரும்பவும் தொட்டுப் பார்த்தேன்.

நாளைக்கு: பாணி மருந்து. நோன்புக்கு முன் யன்னல் சீலைகள் தோய்க்க. "எங்களைப் பற்றி" பக்கம் எழுதி முடிக்க. ஷர்மிளாவுக்கு மெயில்.

மச்சானும் சிவா அண்ணனும் தொடங்கியிருக்கும் கட்டட ஆலோசனைக் கம்பனிக்கு வெப்சைட் போடுகிறோம். (மச்சான் என்றால் என் கணவர் ஹாரிஸ். கல்யாணமாகி நாலு வருடம், இன்னும் கொப்பியில்கூடப் பெயரை எழுதக் கூச்சம்.) கம்பனி என்றால் இரண்டு பேர், ஒரு மடிக்கணினி, ஒரு மோட்டார் சைக்கிள். வீட்டுப் படம் வரைவது, செலவு மதிப்பிடுவது, மாநகர சபையில் அனுமதி எடுத்துக் கொடுப்பது. சுனாமியில் கடல் அடித்த பிறகு இருவரும் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் வீடு கட்டும் வேலை பார்த்தார்கள். சண்டை முடிந்ததும் நிறுவனம் பெட்டி கட்டிவிட்டது. இனி வீடு கட்டப்போகிறவர்கள் கட்டார், சவூதியில் இருக்கும் ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்குக் காட்ட இணையத்தில் ஓர் இடம் வேண்டும். செய்து தருவது ஷர்மிளா, என் கம்பஸ் கூட்டாளி, இப்போது கொழும்பில். எழுத்தெல்லாம் என் பொறுப்பு.

பின்னேரம் சிவா அண்ணன் காரைதீவிலிருந்து வந்தார். "செய்த வேலைகள்" பக்கத்துக்கு விபரம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எல்லா வீட்டுக்கும் ஆம்பிளைப் பெயர். ஜனாப் இன்னாரின் இல்லம், திரு. இன்னாரின் இல்லம்.

மச்சான் சிரித்தார். "டேய் சிவா, இந்தக் கரையில எந்த ஆம்புளைக்குடா வீடு இரிக்கி? எல்லாம் பொண்டாட்டிமார்ர வீடு. நாம வந்து தங்குற ஆக்கள்."

"எங்கட பக்கமும் அதானேடா. அப்ப உன்ட வீடு எது?"

"எனக்கேது வீடு? அந்தா அவட்டக் கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

ஓகஸ்ட் 3, செவ்வாய்

அதே வெயில். சிறுபோக நெல் வரத் தொடங்கிவிட்டது, சம்மாந்துறை மில் எல்லாம் ஓடுகிறது. துடைத்த மேசையில் மதியத்துக்குள் தவிட்டுத் தூள். ஹனா அதில் விரலால் கோழி வரைந்தாள். கோழிக்கு நாலு கால்.

உம்மா இன்றும் கல்முனைக்குக் கிளினிக் போனா. போன கிழமையும் போனா. "ஏன் உம்மா இப்படி அடிக்கடி? டொக்டர் என்ன சொல்றார்?" என்றால், "ஒண்டுமில்ல மனே, பிரஷர்தானே" என்று செருப்பை மாட்டுகிறா. என்னிடம் எதையோ மறைக்கிறா. கூட வருகிறேன் என்றால் பிள்ளையைப் பார்க்கச் சொல்கிறா.

ஷர்மிளாவின் மெயில்: முகப்பு சரி, சேவைகள் சரி, "தொடர்பு" மட்டும் வெறுமை. "முகவரி இல்லாத கம்பனிக்கு எவன்டி காசு அனுப்புவான்? ஒரு விலாசம் போடு புள்ள."

விலாசம். நாங்கள் இருப்பது சாச்சி வீட்டில், உம்மாவின் தங்கை. மச்சானின் அக்கரைப்பற்று வீடு அவருடைய தங்கச்சிக்கு எழுதியாகிவிட்டது. உறுதிப் பத்திரத்தில் என் பெயர் உள்ள வீடு ஒன்று இருக்கிறது, கல்முனைக்குடியில், கடற்கரைப் பக்கம். வாப்பா எனக்கென்று கட்டியது. இங்கே மகள் பிறந்தால் தகப்பன்மார் அவளுக்கு வீடு கட்டக் கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். கடல் வந்த அந்தக் காலையில் நாங்கள் எல்லோரும் சம்மாந்துறையில், சாச்சி வீட்டில். வாப்பா மட்டும் வரவில்லை. புதுப் பூச்சுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும், காய விட்டால் வெடிக்கும் என்று நின்றுவிட்டார்.

வீடும் போனது. அதே அத்திவாரத்தில் தொண்டு நிறுவனம் வேறு வீடு கட்டித் தந்தது. வேலையை மேற்பார்வை பார்க்க வந்த பாதுகாப்புத் தொப்பிக்காரர்தான் மச்சான். உம்மா அங்கேதான் அவரைக் கண்டா, மாப்பிள்ளையாக்கினா. நான் அந்த வாசலை இன்னும் மிதிக்கவில்லை. மச்சான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்கு வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்று பெயர், வீடு பூட்டிக் கிடக்கிறது.

தொடர்புப் பக்கத்துக்குச் சாச்சி வீட்டு விலாசத்தை அனுப்பினேன். தற்காலிகமாகத்தானே.

ஓகஸ்ட் 5, வியாழன்

நான் செய்த வேலையைப் பார்.

ஷர்மிளா தளத்தைச் சோதனைக்கு ஏற்றியிருக்கிறாள். சிவா அண்ணன் சந்தோசம் தாங்காமல் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் மெயில் போட்டுவிட்டார். அது சுற்றிச் சுற்றி டோஹாவில் இருக்கும், நஸ்ரினுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளையின் கண்ணில் விழுந்திருக்கிறது. நஸ்ரின் சாச்சியின் ஒரே மகள். இந்த வீடு அவளுக்கு எழுதின வீடு. ஹஜ்ஜுப் பெருநாள் முடியக் கல்யாணம்.

காலையிலேயே மாப்பிள்ளையின் உம்மா வந்துவிட்டா. பிளேன்ரீகூடக் குடிக்க வேண்டாமாம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"வீடு மகளுக்கெண்டுதான் சொன்னீங்க. இப்ப என்னண்டா இன்டநெட்டில கொம்பனி எண்டு போட்டிரிக்கி. என்ட மகன் வந்து எங்க படுக்கிற, கொம்பனிட கந்தோர் மேசையிலயா?"

"அல்லாட காவல், அப்பிடி ஒண்டுமில்ல மச்சி. அவங்க கொஞ்ச நாளைக்கித்தான்."

"கொஞ்ச நாளா? அஞ்சு வருசமா இரிக்கிறாங்களே."

அந்த மனுசி சொன்னதில் பொய் எது?

படித்த பிள்ளை நான். கல்யாணமாகாத ஒரு குமருக்கு எழுதின வீட்டின் விலாசத்தை உலகமெல்லாம் பார்க்கக் கம்பனி விலாசமாகப் போட்டிருக்கிறேன். இந்த ஊரில் பிறந்தவள் ஒருத்தி செய்கிற வேலையா? ஷர்மிளாவுக்கு போன் எடுத்து உடனே தளத்தை இறக்கச் சொன்னேன்.

பிறகு சாச்சி குசினிக்கு வந்தா. ஏசுவா என்று நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "போகச் சொல்லி நான் ஒரு நாளும் நினைக்கல மகள். என்ட வாயால சொல்ல மாட்டன்." நானும் அழுதேன். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

நஸ்ரின் மட்டும் சிரிக்கிறாள். "ராத்தா, கொம்பனிய உடுங்க. இந்தக் கிழவி என்னோட இரிக்க வராட்டிப் போதும்."

மச்சானிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஹனாவின் செருப்பு வாரைத் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு, "கல்முனையில வாடகைக்குப் பாப்பம்" என்றார். கடற்கரை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாததுதான் இப்போது தூங்கவிடாமல் செய்கிறது.

ஓகஸ்ட் 6, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம். ஹனா சோறு இரண்டு பிடி, மாம்பழம் முழுசு.

"செய்த வேலைகள்" பக்கத்துக்கு மச்சான் ஜும்ஆ முடியக் கமராவோடு போய்ப் படம் பிடித்து வந்தார். மருதமுனையில் இரண்டு வீடு, பாண்டிருப்பில் ஒன்று. நல்ல படமாகத் தெரிவு செய்ய உட்கார்ந்தேன். நாலாவது படத்தில் கை நின்றது: கடற்கரை வீடு.

"இதுவும் நான் செஞ்ச வேலதானே" என்றார் மச்சான். குரல் சின்னதாக. "வேணாமெண்டா அழிச்சிருங்க."

அழிக்கவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டின் முற்றமா அது? ஒரு சருகு இல்லை. மணலில் ஈர்க்குமாறு இழுத்த கோடுகள், வளைந்து வளைந்து. கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு முருங்கைக் கன்று, கம்பு நட்டுச் சீலைத் துண்டால் கட்டியிருக்கிறது. நீலப் பூப் போட்ட சீலை. மிச்சத் துணி, உம்மா தைத்த ஹனாவின் தலையணை உறையாக என் முன்னாலேயே கிடக்கிறது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உம்மாவிடம் போனேன்.

"இதுவா கிளினிக்?"

உம்மா படத்தைப் பார்த்தா. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே, "கிளினிக்குக்கும் போறனான்தான். மாசத்தில ஒருக்கா" என்றா.

"மத்த நாள்?"

"உங்க வாப்பா நிண்ட இடத்தில குப்ப கிடக்கலாமா மனே? கூட்டிப்போட்டு, ரெண்டு வாளி தண்ணி ஊத்திப்போட்டு வாறன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"உனக்குச் சொன்னா நீ பயப்படுவா. நான் கடலுக்குக் கிட்டப் போறனெண்டு."

நான் அவவின் நோயை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவ என் பயத்தை நினைத்து ஒளித்திருக்கிறா. சிரிப்பும் வந்தது. சத்தமில்லாமல் அவவின் மடியில் தலை வைத்தேன். தலையில் பேன் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டா.

ஓகஸ்ட் 7, சனி

போனோம்.

மோட்டார் சைக்கிளில் நானும் மச்சானும், நடுவில் ஹனா. உம்மா பஸ்ஸில், எங்களுக்கு முந்தியே வந்து கேற்றில் நின்றா, விருந்தாளியை வரவேற்கிற மாதிரி. மச்சான் பூட்டுத் திறப்பை என் கையில் வைத்தார். "உங்கட வீடு. நீங்கதான் துறக்கணும்." துரு, திரும்பவில்லை. உம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நீட்டினா, சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்திருக்கிறா.

உள்ளே சீமெந்து வாசம். சுவர்கள் வாப்பா கட்டினவை இல்லை. நிலத்தடியில் இருப்பது மட்டும் அவருடையது. வெறுங்காலோடு நின்றேன். குளிர்ச்சி.

முந்தி எங்கள் வாசலில் நின்றால் கடல் தெரியாது. முன்னால் இரண்டு வரிசை வீடு. இப்போது அவை இல்லை. வாசலில் நின்றால் நேரே நீலம். நான் ஹனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் நெளிந்து இறங்கி, கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். கடலை இன்றுதான் காண்கிறாள்.

"உம்மா, பெரிய்ய வயல்."

"வயல் இல்லம்மா, அது கடல்."

"தண்ணி கட்டிரிக்காங்க. எப்ப விதைக்கிற?"

மச்சான் மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். சிரித்ததால் என்றார்.

நான் சொன்னேன்: "மேல ஏறப் படி வேணும். வெளியால. ராவையில, பிள்ளையத் தூக்கிட்டு ஓடி ஏறக் கூடிய மாதிரி. மேல கொங்கிறீட் தட்டு. அது இல்லாம நான் இஞ்ச ஒரு ராவும் படுக்க மாட்டன்."

மச்சான் பொக்கட்டிலிருந்து அளவு நாடாவை எடுத்து வெளிச்சுவருக்குப் போய்விட்டார். "பிடிங்க" என்று ஒரு முனையை என்னிடம் தந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்குத் தந்ததில் நல்லது இதுதான்.

படி ஏறும் உயரம் ஹனாவின் காலுக்கும் சரியாக வேண்டும் என்றேன். ஹனாவைச் சுவரோடு நிறுத்தி முழங்காலுக்குப் பென்சிலால் கோடு போட்டார். அடுத்த கோடு உம்மாவின் முழங்காலுக்கு.

"எனக்கென்னத்துக்குடா தம்பி?"

"நீங்கதானே மாமி முதல்ல ஏறணும். முருங்கைக்குத் தண்ணி ஊத்துற ஆள்."

பயம் போகவில்லை. திரும்பி வரும்போதும் முதுகுப் பக்கம் அலைச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆனால் பயத்தோடு ஒரு வேலையும் சேர்ந்துவிட்டது.

ஓகஸ்ட் 8, ஞாயிறு

சாச்சியிடம் நானே சொன்னேன். "படி கட்டி முடிஞ்சதும் நாங்க போறம் சாச்சி." திரும்பவும் அழுகை. நஸ்ரின் தன் பெரிய சட்டியை எங்களுக்குத் தருவாளாம்.

சிவா அண்ணன் நாளை கல், மணல் பார்க்க வருகிறார். "தங்கச்சி, முன் அறையைக் கம்பனிக் கந்தோருக்குத் தருவீங்களோ?" என்றார். பேரம் பேசினேன்: யன்னல் கடல் பார்த்ததாக இருக்கக்கூடாது. "அப்ப முருங்கை பாத்ததா வைப்பம்" என்றார்.

உம்மா இன்று கிளினிக் போனா. முருங்கைக்குத் தண்ணீர் ஊற்ற என்று சொல்லிவிட்டுப் போனா.

ஷர்மிளாவுக்கு அனுப்பினது, எனக்கு மறக்காமல் இருக்க இங்கேயும்:

ஷர்மி, தொடர்புப் பக்கத்தில் முன்னம் போட்ட விலாசம் வேண்டாம், முழுவதும் எடுத்துவிடு. புதியது: கடற்கரை வீதி, கல்முனைக்குடி. கேற்றில் முருங்கை உள்ள வீடு என்றும் போடு, கேட்டு வருகிறவர்களுக்கு லேசு. "செய்த வேலைகள்" பக்கத்தில் வீடுகளுக்கெல்லாம் பெண்களின் பெயர் மாற்றி அனுப்பியிருக்கிறேன், சிவா அண்ணனுக்கும் சம்மதம். கடைசியில் ஒரு கட்டம் வெறுமையாக விடு. அதற்கு ஒரு படியின் படம் வரும், இன்னும் கட்டவில்லை. விலாசம் சரியாக ஏறிவிட்டதா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மனம் மாறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கெதியாய் பதில் போடு புள்ள.