நாலரை மணிக்கு வந்த போன்

31-10-1999, ஞாயிறு, இரவு.

மகள் ஜெயந்தியிடம் முதல் தடவையாகப் பேச, அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளைப் பையன் இன்று மாலை மூன்றரைக்குப் போன் செய்வதாக ஏற்பாடு. மூன்று மணிக்கே போனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். அடித்தது நாலரைக்கு. ஜெயந்தி எழுந்தாள். என் மனைவி சரசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராகு காலம் பொறந்துருச்சு. மொதப் பேச்சுடி, எடுக்காத."

மூன்று தரம் அடித்து ஓய்ந்துவிட்டது.

ஏழு மணிக்குப் பையனின் தாய்மாமன் கன்னிவாடியிலிருந்து பேசினார். "அங்க இன்னைக்குக் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளிட்டாங்களாம். அவனுக்குக் காலைல ஆறுன்னா, இனி நமக்கு நாலரை. அதுசரி, ஏன் எடுக்கல? பொண்ணுக்கு இஷ்டமில்லையா?"

வெளியே போயிருந்தோம் என்று பொய் சொன்னேன். அடுத்த ஞாயிறும் அதே ஆறுக்குத்தான் அடிப்பானாம். பங்குனி வரை எல்லா ஞாயிறும் நாலரை, எல்லாம் ராகு காலம். வெயில் காலத்துக்காக முன்னால் தள்ளிய கடிகாரத்தை அந்த ஊர்க்காரர்கள் அப்படியே விட்டுத் தொலைத்தால் என்ன?

ஜெயந்தி சாப்பிடவில்லை. படுக்கப் போகும்போது கேட்டாள். "அம்மா பயப்படுவாங்க, சரி. நீங்கதான் ராகு காலமெல்லாம் பாக்க மாட்டீங்களேப்பா. நீங்க ஏன் எடுக்கல?"

விளக்கை அணைத்தேன். போன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அம்புட்டு தூரத்துக்கு அவளை அனுப்ப வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மணி ஓய்ந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.