கோலமாவில் வரைந்த அடுக்களை

வடசேரி,
14-3-1954

அன்புள்ள மகள் அழகியநாயகிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பெங்களூரில் சுகம் என்பதை, நீ அப்பாவுக்கு எழுதிய கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, உன் புது வீட்டுக்கு அப்பா போட்ட வரைபடத்தைப் பார்த்து, அடுக்களையை மட்டும் முற்றத்தில் கோலமாவால் முழு அளவில் வரைந்தேன். பிறகு பானையை எடுத்துக்கொண்டு அதற்குள் நடந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு நாகம்மை எட்டிப் பார்த்து, "ஏக்கா, கோலத்துக்குள்ள நிண்ணு என்னத்தக் கிண்டுகிய?" என்று சிரித்தாள். மகள் வீட்டில் சமைக்கிறேன் என்றேன்.

அடுப்பங்கரையில் ஒருநாளும் கால் வைக்காத அப்பாவிடம் அடுக்களை எப்படிக் கட்டுவது என்று கேட்டிருக்கிறாய். ஓவர்சியராக இருந்தவர், பாலம் கட்டத் தெரிந்தவர், சரிதான். ஆனால் கதவைத் திறந்தால் அது அடுப்பில் முட்டுகிறது, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வை. பாத்திரம் கழுவுகிற அங்கணம் ஒன்பது எட்டு வைத்துப் போகிற தூரத்தில் இருக்கிறது, கொதிக்கிற சோற்றுப்பானையோடு ஒன்பது எட்டு நடக்க முடியுமா, அதை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டு வா. நின்று சமைக்கிற மேடையைக் கொத்தன் உயரத்துக்குக் கட்ட விடாதே, நீயே போய் நின்று உன் முழங்கைக்கு நாலு விரல் கீழே கோடு போட்டுக் கொடு. அம்மி வெளிச்சத்தில் இருக்கட்டும். அடுப்புக்கு மேலே புகைபோக்கி, எதிரே பெரிய ஜன்னல், இரண்டும் கட்டாயம் வேண்டும். முன்னறைக்கு மூன்று ஜன்னல் போட்டவர் அடுக்களைக்கு ஒரு சாண் துவாரம்தான் போட்டிருக்கிறார். இந்த வீட்டிலும் அப்படித்தான், என் கண் இருபத்துமூன்று வருஷமாக எரிகிறது.

முன்னறையை அடுத்த ஜன்னல் அறையில் 'அப்பா' என்று எழுதியிருந்தார். அடுக்களைக்கும் விறகு அறைக்கும் நடுவே ஆறுக்கு நாலு அடியில் ஒரு கட்டம், அதில் 'அம்மா' என்று இருந்தது. இது என்ன என்று கேட்டேன். "மகதான் கேட்டா. ஜூன் மாசம் நாம அங்க போயிட்டா அவளுக்குச் சமையலுக்கு ஆள் தேடாண்டாம்லா. ஒனக்கு ஒரு பாய் விரிக்க எடம் போதும்" என்றார். உன் கடிதத்தை வாங்கிப் படித்தேன். நீதான் கேட்டிருக்கிறாய். அந்தக் கட்டத்தையும் கோலமாவில் போட்டு, பாயை விரித்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அப்பாவுக்கு அளவு தப்பாது.

அந்த இடத்தில் சாமான் அடுக்கத் தட்டுகள் போட்டுக்கொள். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் புது வீடு நிறைந்திருக்கட்டும். மேடைக்குக் கோடு போட மறக்காதே.

இங்கே பெண் பள்ளிக்கூடத்தில் ஜூன் முதல் கணக்கு சொல்லிக்கொடுக்க என்னை வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நாளை போய்ச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அவர் அங்கே வருவதானால் தனியாக வருவார்.

உன் அம்மா,
மீனாட்சியம்மாள்