நூறு கிலோ கார்த்திகேசன்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஜிம்மில் மணிகண்டபிரபு இன்றும் நெஞ்சுக்கு மட்டுமே செய்தான். கால் இரண்டும் முருங்கைக்காய். ஒவ்வொரு தூக்குக்கும் ஊளை வேறு. பத்துக்கு மூன்று மதிப்பெண். கமிஷன் கடையில் உளுந்து எடை போடும் சோலைச்சாமி அண்ணாச்சி ராடை மூடை மாதிரி வெடுக்கென்று தூக்குகிறார். இரண்டு. அதுவும் வருகைக்காக.

சுவரில் 'பெஞ்ச் பிரஸ் - நூறு கிலோ' பலகை. முதல் பெயர் என்னுடையது. ராடு இருபது கிலோ, அதில் இருபது கிலோ பிளேட் நான்கு. நாற்பத்தாறு வயது இயற்பியல் ஆசிரியர்! பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக்கூட இது தெரியும். நான்தான் சொன்னேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மணிகண்டபிரபுவும் நூறு தூக்கிவிட்டான். பலகையில் இரண்டாவது பெயர். கை கோணியது. நான் மட்டும்தான் கவனித்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பிளேட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். "சார், இது இருபது இல்ல. பதினாறு, பதினேழு இருக்கும்" என்றார் சோலைச்சாமி.

"கையென்ன தராசா அண்ணாச்சி? இருபதுன்னு போட்டிருக்கே."

"போட்டவன் இஷ்டத்துக்குப் போட்டிருக்கான். கடைக்கு வாங்க, பாத்துருவோம்."

பிப்ரவரி 11, புதன்

ராடு வளைந்திருக்கிறது, லேத்தில் காட்ட வேண்டும் என்று ஜிம்காரர் பாண்டிராஜிடம் பொய் சொல்லி, எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனோம். பிளேட் ஒவ்வொன்றும் 16.4. ராடு 11.2. ஆக 76.8.

இருபது வருடமாக எடைப் பாடம் நடத்துகிறேன். ஒருநாளாவது எடை போட்டுப் பார்க்கத் தோன்றியதா?

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் சார். ஒங்க பேரு இருந்துட்டுப் போட்டும்" என்றார் அண்ணாச்சி. அந்த இரக்கம்தான் தாங்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சொல்லப் போவதில்லை. சொன்னால் இளைஞர்களின் ஊக்கம் கெடும். ஊக்கம் முக்கியம்.

பிப்ரவரி 13, வெள்ளி

இளைஞர்களாவது ஊக்கமாவது. பள்ளியிலோ வீட்டிலோ எந்தப் பட்டியலிலும் என் பெயர் முதலில் வந்ததில்லை. அதுதான் விஷயம்.

பிப்ரவரி 18, புதன்

மணிகண்டபிரபு தூத்துக்குடிப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை. முதல் தூக்கே நூறாம். அங்கே நூறு என்றால் நூறு. இவன் தூக்கியது எழுபத்தேழுகூட இல்லை. நெஞ்சில் விழுந்தால்? பிடிக்க ஆட்கள் நிற்பார்கள். நிற்பார்களா? பாவி, இதைத் தெரிஞ்சுக்கிட்டு நோட்டுல எழுதிக்கிட்டு உக்காந்திருக்கேனே—

பிப்ரவரி 19, வியாழன்

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். "லேத்துக்குன்னுல்லா கொண்டுபோனீய" என்றார் பாண்டிராஜ். மணிகண்டபிரபு பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு அவமானமாக இருந்தது.

பிப்ரவரி 23, திங்கள்

மணிகண்டபிரபு எழுபதில் தொடங்கி எண்பது வரை போனானாம். மூன்றாம் இடம். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பாண்டிராஜ் எல்லாவற்றையும் எடை போட்டு, பலகையைத் துடைத்து, அவரவர் தூக்கும் உண்மையான எடையைப் புதிதாக எழுதினார். முதலில் சோலைச்சாமி, 84. இத்தனை நாள் ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று கேட்டால், "எடையே சரியில்லாத எடத்துல என்னத்தப் பேரு குடுக்க" என்கிறார். நான் நான்காவது.

"எழுபத்தேழுன்னு முழுசாப் போட்டுருதேன் சார், பாக்க நல்லாருக்கும்" என்றார் பாண்டிராஜ்.

76.8 என்றே எழுதச் சொன்னேன்.