பின் அடித்த ஏழாம் அத்தியாயம்

நெயாஃபு, வவாவு
மார்ச் 4, 1998

அன்புத் தம்பி செமிசிக்கு,

தேவன் காத்ததில் நலம். புயல் நம் தீவைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. நீ அனுப்பிய புத்தகப் பொட்டலம் வந்து சேர்ந்தது. ஒரு மூலை நனைந்திருந்தது. அதற்குக் கப்பல்காரர்களைத்தான் திட்ட வேண்டும்.

முதலில் அந்தக் கலங்கரை விளக்கக்காரன் நாவல். முந்நூறு பக்கமும் ஒருவன் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. கடலோரத்தில் பிறந்தவர் எவரும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். வழக்கம்போல நீ பின் அடித்து மூடி அனுப்பிய பக்கங்கள் இதில் ஏகப்பட்டவை. மிச்சத்தைப் பார்த்தால், சுவாரசியமெல்லாம் அந்தப் பக்கங்களுக்குள்தான் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது. அக்காவும் தம்பியும் ஒரே படுக்கையறைக் காட்சியைப் படித்துவிடக் கூடாது என்பதில் நீ காட்டும் கட்டுப்பாட்டைப் பாதிரியார்கூடக் காட்ட மாட்டார்.

அந்த நர்ஸ் அம்மாள் எழுதிய வாழ்க்கைக் கதை எனக்குப் பிடித்தது. தன் அசட்டுத்தனங்களை மட்டும் எழுதுகிறாள். அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை.

அது போகட்டும். உன் சொந்த வாழ்க்கைக் கதை அச்சாகி மாதங்களாயிற்று. ஊரெல்லாம் படித்தாகிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாதிரியார் மனைவி மெலியாமெ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏழாவது அத்தியாயம் படிச்சதுலேர்ந்து சோறு எறங்கல, அனசெய்னி. எப்படித்தான் தாங்குனியோ!"

"எதடி?" என்றேன்.

"ஐயோ, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." குடையை விரித்துக்கொண்டு ஓடிவிட்டாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

உன் மகள் லோசலினின் கல்யாணத்துக்குப் பாய் முடைகிற பெண்கள் என் வீட்டில்தான் கூடுகிறார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. என் வீட்டில், தம்பி!

புத்தகத்தை அனுப்பு.

உன் அக்கா
அனசெய்னி


ஆக்லாந்து
மார்ச் 20, 1998

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

செமிசி பணிவுடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். லோசலினுக்குக் கல்யாண உடை தைக்கக் கொடுத்தாயிற்று. ரவிக்கைக் கை நீளம் பற்றி அவளும் அவள் அம்மாவும் தினமும் சண்டை.

கலங்கரை விளக்கக்காரனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து வீடே சிரித்தது. என் புத்தகம் தாமதமானதற்கு மன்னியுங்கள், வேலை நெருக்கடி. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நமக்குள் உள்ள வழக்கப்படி ஏழாம் அத்தியாயத்தை மட்டும் பின் அடித்து மூடியிருக்கிறேன். அதை விட்டுவிட்டுப் படித்தாலும் கதை கெடாது. அப்பாவின் படகைப் பற்றிய பகுதி உங்களுக்குப் பிடிக்கும். மற்றபடி எப்போதும்போல உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள்.

என்றும் பணிவுள்ள தம்பி
செமிசி


நெயாஃபு
ஏப்ரல் 6, 1998

செமிசி,

பின்னைப் பிடுங்கிவிட்டேன். கத்தியால். விரலும் கிழிந்தது.

என்ன துணிச்சல் உனக்கு! ஆக்லாந்தில் முன்பின் தெரியாதவன் படிக்கலாம், மெலியாமெ படிக்கலாம், பாய் முடைகிறவள் படிக்கலாம். யாரைப் பற்றி எழுதியிருக்கிறாயோ அவள் மட்டும் படிக்கக் கூடாது. நம் வழக்கத்தை மரியாதைக்கென்று வைத்தார்கள். நீ அதை எடுத்து என் கண்ணைக் கட்டியிருக்கிறாய். அக்காவின் காதலைப் பற்றித் தம்பி வாயே திறக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து நம்மை ஒரே அறையில் உட்காரக்கூட விடாமல் வளர்த்தார்கள். பேசக் கூடாததை நீ ஆயிரம் பிரதி அச்சடித்திருக்கிறாய்.

அபிப்பிராயம் கேட்டாய் அல்லவா? இதோ. ஏழாம் அத்தியாயம் மோசமான எழுத்து. பத்தொன்பது வயது அனசெய்னி "அடிபட்ட பறவையைப் போல" அழுகிறாள். வவாவுவில் அடிபட்ட பறவையை நீ எங்கே பார்த்தாய்? அப்பா தண்டனையாக அவள் முடியை வெட்டிய பிறகு துறைமுகத்துக்கு ஓடுகிறாள். கப்பல் போய்விட்டது. அதில் போன காதலன், அந்த மாலுமியின் பெயரைச் சொல்லி மண்ணில் விழுகிறாள். வேறொருவன் எழுதியிருந்தால் பாதியில் மூடிவைத்து, எவனோ மட்டமான சினிமா பார்த்துவிட்டு எழுதியிருக்கிறான் என்று உனக்கு எழுதியிருப்பேன்.

நான் அழவில்லை. துறைமுகத்துக்குப் போகவும் இல்லை. அந்த மனிதன் கூட வரச் சொன்னான். நான்தான் மாட்டேன் என்றேன். ஏன் என்பது என் விஷயம். அப்பா என் முடியை வெட்டியது மட்டும் நிஜம், அதையும் நீ "நடுங்கும் கைகளால்" என்று எழுதியிருக்கிறாய். அப்பாவின் கை நடுங்கவே இல்லை.

முப்பது வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். நேற்று மீன் கடையில் என்னிடம் படித்த ஒருத்தி, "டீச்சர், பாவம் டீச்சர் நீங்க" என்று எனக்கு இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள். கடைத் தட்டிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. பாய்கள் வரும்.

அனசெய்னி


ஆக்லாந்து
ஏப்ரல் 21, 1998

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் உங்களை இழிவுபடுத்த எழுதவில்லை, அக்கா. உங்கள் துயரத்தை மதித்துத்தான் எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் அந்த அத்தியாயத்தைத்தான் சொல்கிறார்கள். பதிப்பகத்தார் அடுத்த பதிப்புக்குத் தயாராகிறார்கள். பள்ளிகளில் பாடமாக வைக்கவும் பேச்சு நடக்கிறது.

லோசலின் சாப்பிடுவதில்லை. "அத்த வரலன்னா நான் மேடையேற மாட்டேன்பா. அவங்க மனசு நொந்தா எனக்குப் பிள்ள பொறக்குமா?" என்று அழுகிறாள். இங்கே பிறந்து வளர்ந்தவள், ஆனாலும் நம் ஊர்ப் பயம் போகவில்லை. உயரத்தில் போடும் அத்தை இருக்கை காலியாகக் கிடந்தால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? வாருங்கள். சீர்வரிசையில் உங்கள் உரிமை எதுவோ கேளுங்கள். பாயோ, மரப்பட்டைத் துணியோ, அத்தை எதைக் கேட்டாலும் நம் வழக்கப்படி சபையில் மறுக்க எனக்கு வாயில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

தம்பி
செமிசி


நெயாஃபு
மே 5, 1998

செமிசி,

வருகிறேன். லோசலினுக்காக. என் மனக்கசப்பு அவள் வயிற்றைத் தொடாது என்று அவளிடம் சொல். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ரவிக்கைக் கை நீளமாகவே இருக்கட்டும் என்றும் சொல்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என் துயரத்தை மதித்தாயாம். எந்தத் துயரம்? உனக்கு அப்போது வயது பதின்மூன்று. பையன்களோடு வெளிக் குடிசையில் கிடந்தாய். நான் இருக்கிற வீட்டுக்குள் காலடி வைக்க உனக்கு அனுமதி இல்லை. பார்க்காததை, கேட்காததை எழுதி, அதற்கு என் பெயரை வைத்துவிட்டாய். அக்காவிடம் கேட்கக் கூடாது என்பது வழக்கம், சரி. எழுதலாம் என்று எந்த வழக்கம் சொன்னது?

இத்தனை வருடம் நீ அனுப்பிய புத்தகங்களைப் பற்றித்தான் நாம் எழுதிக்கொண்டோம். வேறு எதையும் பேச நமக்கு வழியில்லை. அந்த ஒரு வழியும் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

உயரத்து இருக்கையில் உட்காருவேன். சீர் எடுக்கச் சொல்லி என்னைக் கேட்பார்கள். பாய் வேண்டாம், துணி வேண்டாம் என்பேன். மாப்பிள்ளை வீட்டார், உன் பதிப்பகத்தார், பாதிரியார், உன் மகள் எல்லோரும் கேட்க, ஏழாம் அத்தியாயத்தைக் கேட்பேன். மறுப்பதானால் அங்கேயே, என் முகத்தைப் பார்த்து மறு.

அடுத்த பதிப்பில் அந்த இடத்தில் என்ன போடுவது என்று பதிப்பகத்தார் கேட்பார்கள். இதைப் போடு: "என் அக்காவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது."

அனசெய்னி