இடக்கைக் கத்தி

என்னங்க,

போனை எடுக்கமாட்டேங்கறீங்க, அதான் எழுதறேன். "நான் இல்லாம மீன் கடையை நடத்திப் பாரு"ன்னு சவால் விட்டுட்டு உங்க அண்ணன் வீட்டுல போய் உட்கார்ந்துட்டீங்க. பாருங்க, நடத்திக்கிட்டுதான் இருக்கேன். சாயங்காலம் ஐஸ் பெட்டியில ஒரு மீன்கூட மிஞ்சறதில்ல.

கத்தியெல்லாம் நானே தீட்டறேன். நகத்து மேல வெச்சா வழுக்காம நிக்குது, அவ்வளவு கூர்.

புதுசா ஒருத்தரை வேலைக்கு வெச்சிருக்கேன். கெட்டிக்காரர்தான். நேத்து தெரியாம உங்க கத்தியை எடுத்து ஒரு பெரிய மீனை அறுத்தார். முள்ளை ஒட்டிப் போகாம சதைக்குள்ள ஓடி, துண்டெல்லாம் கோணல்மாணலா வந்துச்சு.

"என்னக்கா, கத்தி ஒரு பக்கமா இழுக்குது?"

"இடக்கைக்காரருக்காக ஒரு பக்கம் மட்டும் தீட்டினது. உங்க கைக்கு அப்படித்தான் இழுக்கும்."

"சும்மாதானே கிடக்கு? மறுபக்கம் தீட்டிட்டா எனக்கு ஆகுமே"ன்னு கல்லை எடுத்தார். கத்தியை வெடுக்குன்னு பிடுங்கிட்டேன். மனுஷன் பயந்தே போயிட்டார்.

அதை வாராவாரம் உங்க பக்கமே தீட்டி, துருப்பிடிக்காம எண்ணெய் தடவி வெக்கிறேன். வலக்கைக்காரி உனக்கு அது எதுக்குன்னு கேக்காதீங்க.

எண்ணெய் தீரப்போகுது. வரும்போது ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க.

இப்படிக்கு,
இப்போதைக்கு முதலாளி